நொண்டிக்கொண்டு வருவதுதான் கடமை உணர்வா?



நம் தமிழ்ப்பள்ளிச் சூழலில் இரண்டு வழக்கங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. கணுக்கால் சுளுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் பள்ளிக்கு வரும் ஆசிரியரைச் சபைகூடலில் நிறுத்திக் கைதட்டுகிறோம். அதே ஆசிரியர் மருத்துவர் சொற்படி விடுப்பு எடுத்து, அந்த விடுப்பில் மருத்துவர் சொற்படியே பத்து நிமிடம் நடந்துவரக் கண்டால், 'விடுப்பெடுத்துவிட்டு ஊர் சுற்றுகிறார்' என்று பேசுகிறோம். முன்னவர் தியாகி, பின்னவர் ஏய்ப்பவர். இதுவே நம் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு தலைகீழானது என்பதே என் வாதம். காயம்பட்ட உடலைப் பேணுவதும் ஒரு கடமை. அதைச் செய்கிறவரை இகழ்ந்து, செய்யாதவரைப் புகழும் பழக்கம் ஆசிரியரோடு நிற்பதில்லை. அது வகுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் எலும்புவரை போகிறது.

இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு நேர்ந்ததையும் சொன்னால்தான் விளங்கும்.

ஒரு படமும் ஒரு வரியும்

அண்மையில், மழை ஈரத்தில் மாடிப்படி இறங்கும்போது என் வலக் கணுக்கால் பிசகிற்று. எலும்பு முறியவில்லை, புறக் கணுக்காலில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் சற்றே கிழிந்திருக்கிறது என்றார் மருத்துவர். ஏழு நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தார். முதல் மூன்று நாள் காலை உயர்த்தி வைத்து, அழுத்தக் கட்டுடன் வீட்டில் இருக்க வேண்டும்; நான்காம் நாளிலிருந்து வலியின் எல்லைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். "நடக்காமல் படுத்தே கிடந்தால் கால் விறைத்துப் போகும், டீச்சர்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அவர் சொன்னபடியே செய்தேன். நான்காம் நாள் வீட்டுக்குள்ளும் வாசலிலுமாக ஐந்து நிமிடம். ஐந்தாம் நாள் காலை, என் கணவர் என்னைக் காரில் ஜொகூர் பாரு பழைய நகரத்தில் கொண்டுவந்து விட்டார். ஜாலான் உங்கு புவானில் இராஜமாரியம்மன் கோவில் பக்கமிருந்து, ஜாலான் துருஸ், ஜாலான் தான் ஹியோக் நீ வரை சமதளமான சிறு சுற்று. நடந்தது பத்து நிமிடம். இடையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்தது இருபது நிமிடம்.

அன்று மாலையே ஒரு பெற்றோர் புலனக் குழுவில் என் படம் வந்துவிட்டது. நான் கடைவரிசை ஓரமாக நடக்கும் படம். அதன் கீழே ஒரு வரி: 'காலுக்கு முடியவில்லையாம்; கடைத்தெருவில் உலாப் போக முடிகிறதாம். பிள்ளைகள் பாடம் என்னாவது?' அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் பல.

எழுதியவர் யார் என்பது இங்கே முக்கியமன்று. அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. பலர் மனத்தில் இருப்பது. நடக்க முடிகிறவருக்குப் பாடம் நடத்த முடியாதா? நேர்மையான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன்.

நடப்பதும் நிற்பதும் ஒன்றல்ல

ஒரு பாடவேளை 30 நிமிடம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் அந்த 30 நிமிடத்தையும் நாற்காலியில் கழிப்பதில்லை. வெண்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே நடை. மேசைகளுக்கு நடுவே குனிதல். திடீரென்று ஓடும் முதலாம் ஆண்டுப் பிள்ளையைத் தடுக்கப் பாய்தல். பிறகு படியேறி அடுத்த வகுப்பு. இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் கண்காணிப்பு. இவ்வாறு ஐந்தாறு மணி நேரம். இவற்றுள் எதையும் 'இப்போது வலிக்கிறது, சற்று உட்காருகிறேன்' என்று பாதியில் நிறுத்த இயலாது.

மருத்துவர் சொன்ன நடை வேறு. சமதளம், நிழல், அளவான நேரம், வலித்தால் உடனே நிறுத்தம், முடிந்ததும் காலை உயர்த்தி வைத்தல். மறுநாள் காலை வலியோ வீக்கமோ முந்திய நாளைவிடக் கூடியிருந்தால் நடையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கூடவில்லையெனில் சில நிமிடம் சேர்க்கலாம். இதற்குப் பெயர் உலா அன்று, மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. இரண்டு மாத்திரை விழுங்க முடிகிறவர் புட்டி முழுவதையும் விழுங்கட்டும் என்று யாரும் சொல்வதில்லை. நடைக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

படுக்கை ஓய்வு என்னும் பழைய நம்பிக்கை

'ஓய்வென்றால் படுத்திருக்க வேண்டும்' என்பது நம்மவர்க்கு மட்டுமே உரிய எண்ணமன்று. மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. 1947இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். தசை கரைவதையும் மூட்டு விறைப்பதையும் குருதி உறைவதையும் மனம் சோர்வதையும் உறுப்பு உறுப்பாக எடுத்துக்காட்டினார்.

பிறகு ஆய்வுகள் வந்தன. 1986இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர் 203 பேரில் ஒரு சாராருக்கு இரண்டு நாள் படுக்கையும் மறுசாராருக்கு ஏழு நாள் படுக்கையும் சொல்லப்பட்டன. இரண்டு நாள் குழுவினர் வேலையிழந்த நாள்கள் 45 விழுக்காடு குறைவு. குணமடைந்ததில் அவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. 1995இல் பின்லாந்தின் எல்சிங்கி மாநகர ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆய்வில், வலி இடங்கொடுக்கும் அளவுக்கு அன்றாட இயக்கத்தைத் தொடர்ந்தவர்களே படுத்தவர்களைவிட விரைவில் தேறினர்.

சுளுக்கிலும் கதை இதுவே. 1978இல் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் விளையாட்டு மருத்துவ நூலில் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நான்கு முதலுதவிகளை வகுத்தார். உலகெங்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். நம் முதலுதவிக் கையேடுகளிலும் அதுவே இடம்பெற்றது. 2014இல் அதே மிர்க்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். 2010இல் கணுக்கால் சுளுக்கியவர் 101 பேரிடம் நடந்த ஆய்வு, முதல் வாரத்திலேயே தொடங்கும் முறையான மென்பயிற்சி காலின் இயக்கத்தை மேம்படுத்துவதைக் காட்டியது. 2020இல் பிரிட்டன் விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த வழிமுறை, முதல் ஒன்று முதல் மூன்று நாள் காப்பு, அதன்பின் வலியின் எல்லைக்குள் படிப்படியான சுமை என்று வகுத்துச் சொல்கிறது. அதில் இன்னொன்றும் இருக்கிறது: நோயாளியின் நம்பிக்கையும் மருந்தின் ஒரு பகுதி என்று அது எண்ணுகிறது. குணமாகிக்கொண்டிருப்பவரை ஏளனம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பிழைகள் நம்மிடம் உள்ளன. ஒன்று, ஓய்வே எடுக்காமல் நொண்டிக்கொண்டு ஓடுவது. மற்றொன்று, ஓய்வு என்று அசையாமல் கிடப்பது. உண்மையான ஓய்வு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கிழிந்த நார் முதல் சில நாள் வீங்கும். பிறகு சில வாரங்களில் புது இழை வளர்ந்து ஒட்டும். அந்த இழை பழைய வலிமையை நெருங்கப் பல மாதம் ஆகும். அளவான சுமை இருந்தால்தான் புது இழை சரியான திசையில் அடுக்கப்படும். அளவு மீறினால் மீண்டும் கிழியும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுமுறை சுளுக்குவது எளிது என்பது விளையாட்டு வீரர் அனைவரும் அறிந்தது.

நம் வீடுகளில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுளுக்கிய அன்றே கோடாலித் தைலத்தைக் கொட்டி, வீங்கிய இடத்தை அழுத்தி வழிக்கிறோம். பாட்டி காலத்துக் கைப்பக்குவத்தை நான் இழித்துரைக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று நாள்களில் வீங்கிய கணுக்காலை வன்மையாகப் பிசைவது உள்ளே கசியும் குருதியை மிகுதிப்படுத்தும். அந்த நாள்களில் கையை எடுத்துவிடுவதே பக்குவம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

வேலைக்கு வராதவனை ஐயத்தோடு பார்க்கும் கண் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். என் விடை: தோட்டத்திலிருந்து.

விடியுமுன் பெரட்டுக் களம். கங்காணி பெயர் அழைக்க வேண்டும். கிராணி குறிக்க வேண்டும். பதிவில் பெயர் விழவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை. உடல்நலம் குன்றியவர் டிரஸ்ஸரிடம் போய் நின்று, தாம் மெய்யாகவே நோயாளிதான் என்று மெய்ப்பிக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அதாவது, காய்ச்சல்காரனை எழுப்பி மரம் வெட்ட அனுப்புவதில் இன்னொருவருக்கு வருவாய் இருந்தது. 'படுத்துக் கிடப்பவன் சோம்பேறி' என்னும் சொல் முதலில் யாருடைய பயனுக்காகச் சொல்லப்பட்டது என்று இப்போது புரிகிறதல்லவா?

நம் தாத்தா பாட்டிமார் சுளுக்கிய காலோடு மலைக்காட்டில் பால் வாளி சுமந்தார்கள். அது அவர்கள் பெருமை என்று நாம் மேடையில் பேசுகிறோம். அவர்கள் அதைப் பெருமைக்காகச் செய்யவில்லை. உலையில் அரிசி வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லாதிருந்ததை, வழியுள்ள நாம் நற்பண்பு என்று பெயர் மாற்றிப் பிள்ளைகளுக்குப் போதிப்பது முறையா?

இன்று சட்டமே வேறு. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டாண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் சொக்சோ, வேலையிடத்தில் மட்டுமன்று, வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் காப்பளிக்கிறது. தொழிற்சாலையிலும் லோரியிலும் உழைக்கும் நம் பெற்றோர் பலர், இவற்றைக் கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார் என்று எண்ணியே கேட்காமல் விடுகின்றனர். உரிமை சட்டத்தில் வந்துவிட்டது. மனத்தில் இன்னும் பெரட்டுக் களமே இருக்கிறது.

குறளைத் துணைக்கு அழைப்போருக்கு

இவ்வாறு சொன்னால் உடனே திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மையை நினைவூட்டுவோர் உண்டு. சோம்பல் குடியைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வள்ளுவர் 95ஆம் அதிகாரமாக மருந்து என்று ஒன்றை வைத்திருக்கிறார். அதன் பத்துக் குறளில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றிப் பேசவில்லை. அளவறிந்து உண்பதைப் பேசுகின்றன. அளவே அங்கு மையக்கருத்து. கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக உடனிருந்து உதவுபவர்.

அந்த நான்காமவர் யார்? வீட்டில் கணவன், மனைவி, பிள்ளைகள். பள்ளியில் உடன்பணியாற்றுவோர். நடக்கப் போனால், அந்த நகரமும்தான். நோயாளியும் மருத்துவரும் மருந்தும் சரியாக இருந்து, நான்காமவர் படம் பிடித்துப் புலனத்தில் போட்டால் மருத்துவம் எப்படி நிறைவேறும்?

முழு வருகைப் பரிசு

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டிய உண்மையான காரணத்துக்கு வருகிறேன். என் படத்தைப் பற்றி எழுத எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை; அது இரண்டு நாளில் மறந்துபோகும் செய்தி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். போட்டி விளையாட்டுப் பயிற்சியில் கால் பிசகியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள் காலுறையை இறுக்கி இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான். ஐந்தாம் நாள் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பு வளரும் பகுதியில் விரிசல். 'ஏன் ஐயா சொல்லவில்லை?' என்று கேட்டேன். 'வராமல் இருந்தால் முழு வருகைப் பரிசு கிடைக்காதே, டீச்சர்' என்றான்.

அந்தப் பரிசு ஒரு சிறு கோப்பையும் ஒரு சான்றிதழும்.

பெற்றோர் அறிய வேண்டிய செய்தி இது: வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்பகுதி, அதைச் சுற்றியுள்ள நார்களைவிட வலுக் குறைந்தது. பெரியவருக்கு வெறும் சுளுக்காக முடியும் அதே பிசகு, பிள்ளைக்கு எலும்பு வளர்பகுதியின் முறிவாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகக்கூடும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த எளிய விதி உலகெங்கும் பயன்படுகிறது: அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் குறிப்பிட்ட இடங்களை அழுத்தினால் வலித்தாலோ, கதிர்ப்படம் எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் என்றால் ஐயம் இருந்தாலே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வருகையை வலியுறுத்துவது தேவை என்பதை நான் அறிவேன். காரணமின்றிப் பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகளும், திருமணம் திருவிழா என்று வாரக்கணக்கில் அழைத்துப் போகும் குடும்பங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அவர்களைத் திருத்த வேண்டும். ஆனால் மருத்துவச் சான்றிதழோடு வராத நாளையும், சும்மா வராத நாளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணும் பரிசு, பிள்ளைக்கு ஒன்றைத்தான் கற்பிக்கிறது: வலியை மறை. இதைக் கற்ற பிள்ளை நாளை தொழிற்சாலையிலும் மறைக்கும். நெஞ்சு வலிக்கும்போதும் மறைக்கும்.

நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது?

நான் ஏன் என் வீட்டுப் பக்கத்திலேயே நடக்கவில்லை என்று கேட்கலாம். நம் தாமான் வீடமைப்புகளை எண்ணிப் பாருங்கள். வீட்டு வாசலுக்கும் சடக்குக்கும் இடையே நடைபாதை எங்கே இருக்கிறது? இருபுறமும் கார், நடுவே விரையும் மோட்டார், ஓரத்தில் மூடி உடைந்த கால்வாய். நலமான காலுக்கே அது சோதனை.

பழைய நகரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் கடைவீடுகளின் ஐந்தடி. நம் முன்னோர் 'அஞ்சடி' என்றே அழைத்த அந்தக் கூரை வேய்ந்த நடைவழி, 1822இல் சிங்கப்பூருக்கு இராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் விதியாக்கப்பட்டு, பின்னர் மலாயாவின் பட்டணங்களுக்கும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி யாரும் நடக்கலாம் என்பதே அதன் நோக்கம். இருநூறு ஆண்டுக்கு முன்னரே தெரிந்திருந்த நன்மை அது.

மெதுவாக நடக்கிறவருக்குத்தான் நகரத்தின் குறைகள் கண்ணில் படும். ஒரு கடையின் முன்தளத்துக்கும் அடுத்த கடையின் முன்தளத்துக்கும் ஒரு படி உயர வேறுபாடு. ஐந்தடியை அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள், சரக்குப் பெட்டி, மேசை நாற்காலி. அவற்றைச் சுற்றிக்கொள்ள நொண்டிக் காலோடு சடக்கில் இறங்க வேண்டும். நலமாயிருந்தபோது நூறு முறை நடந்த வழி அது. ஒருமுறையும் இவற்றை நான் எண்ணியதில்லை. முழங்கால் தேய்ந்த பாட்டிக்கும், சக்கர நாற்காலிப் பிள்ளைக்கும், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் அந்த ஏழு நாள் வாழ்நாள் முழுவதும் நீள்கிறது.

இது ஜொகூர் பாருவின் குறை மட்டுமன்று. கூலாய், குளுவாங், மூவார், பத்து பகாட் என்று எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் காணலாம். சட்டம் இல்லாமலும் இல்லை. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடைவழியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளை மற்றவரோடு ஒப்பப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு வழங்குகிறது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால், நம் பெற்றோர் பலர் நாள்தோறும் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில், முதியோரும் உடற்குறையுள்ளோரும் தங்கள் அட்டையைத் தொட்டால் சாலையைக் கடக்கும் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும் ஏற்பாடு 2009 முதல் இருக்கிறது. அங்கே அதைப் பார்த்துப் பாராட்டிவிட்டு, இங்கே வந்ததும் ஐந்தடியில் மோட்டாரை நிறுத்துகிறவர்களும் நாமே.

மறுப்புரைகள்

'ஆசிரியர் வராவிட்டால் வகுப்பை யார் பார்ப்பது?' மெய்யான சிக்கல் இது. மாணவர் தொகை 150க்கும் குறைந்த பள்ளிகள் நம்மிடையே மிகுதி. அங்கே ஒருவர் வராவிட்டால் மற்றவர் தலையில் சுமை ஏறும். ஆனால் அந்தச் சுமைக்குத் தீர்வு, முன்கூட்டியே அணியமாக வைத்த மாற்றுப் பாடங்களும், முறை வைத்துப் பிரித்த மாற்று வகுப்புகளும், வேண்டிய அளவு ஆசிரியர்களுமே. ஒரு தனியாளின் கிழிந்த கணுக்கால் அதற்குத் தீர்வாகாது. ஏழு நாளில் முடிய வேண்டியதை முதல் நாளே நொண்டி வந்து ஏழு வாரமாக்கிக்கொண்டால், பிள்ளைகள் இழப்பது கூடுதலா குறைவா?

'பொய்யாக விடுப்பு எடுப்பவர்கள் இல்லையா?' இருக்கிறார்கள். அவர்களை விசாரிக்கத் தலைமையாசிரியரும் கல்வி இலாகாவும் உண்டு. முறையான வழி உண்டு. கடைவரிசையில் ஒளிந்து படம் பிடிப்பது விசாரணை ஆகாது. பொய்யர் சிலரைப் பிடிப்பதற்காக மெய்யர் எல்லாரையும் நொண்ட வைப்பது எந்த நீதி?

'ஆசிரியர் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?' வேண்டும். அதனால்தான் இத்தனையும் சொல்கிறேன். நலக்கல்விப் பாடத்தில் உடலைப் பேணுக என்று கற்பித்துவிட்டு, அந்தப் பாடத்தையே நொண்டிக்கொண்டு நடத்தினால் பிள்ளை எதை நம்பும்? வாயையா, காலையா?

என் வேண்டுகோள்

ஒன்று: தலைமையாசிரியர்களே, காயத்தோடு பணிக்கு வருவதைச் சபைகூடலில் பாராட்டுவதை நிறுத்துங்கள். 'நலமாகித் திரும்பி வாருங்கள்' என்று சொல்லி வழியனுப்புங்கள். திரும்பி வந்த முதல் வாரம் மேல்மாடி வகுப்பும் சிற்றுண்டிச்சாலைக் கண்காணிப்பும் கொடுக்காதிருங்கள்.

இரண்டு: பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, முழு வருகைப் பரிசின் விதியை மாற்றுங்கள். மருத்துவச் சான்றிதழுள்ள நாள், வராத நாளாக எண்ணப்படலாகாது. ஒரு வரி மாற்றம், செலவு ஏதுமில்லை.

மூன்று: பெற்றோர்களே, பிள்ளை 'வலிக்கிறது' என்று சொன்னால், முதலில் நம்புங்கள். பொய்யோ என்ற ஐயத்தை மருத்துவர் தீர்க்கட்டும். பிள்ளை தேறிவரும்போது கைப்பேசியோடு படுக்கையில் விட்டுவிடாமல், மருத்துவர் சொன்ன அளவுக்குக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். நகர வனமோ கடைவரிசையோ கோவில் பிரகாரமோ, சமதளமாக இருந்தால் போதும்.

நான்கு: நாம் எல்லாரும் ஐந்தடியை நடப்பவருக்கே விட்டுவைப்போம். அடைத்திருப்பதைக் கண்டால் ஊராட்சி மன்றத்துக்கு எழுதுவோம். ஒருவர் எழுதினால் குறை. நூறு பெற்றோர் எழுதினால் கோரிக்கை.

ஐந்து: தெருவில் ஓர் ஆசிரியர் மெதுவாக நடக்கக் கண்டால், கைப்பேசியை எடுக்காதீர்கள். 'டீச்சர், கால் எப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள். வள்ளுவர் சொன்ன நான்காமவர் ஆவதற்கு அவ்வளவே போதும்.

மறுப்புடையோர் தயங்காமல் எழுதுங்கள். பதிலுரைக்க அணியமாய் இருக்கிறேன். உட்கார்ந்துதான் எழுதுவேன், காலை நீட்டி வைத்துக்கொண்டு.